ஞாயிறு மாலை கண்மாயில் பாய்வண்டி

எல்லோருக்கும் வணக்கம். ஆடிக்காற்று பிடித்துவிட்டது, கண்மாயும் வறண்டு கிடக்கிறது. ஞாயிறு மாலை 4 மணிக்கு மடைப் பக்கம் வந்துவிடுங்கள். படகுபோலப் பாய் கட்டிக் காற்றில் ஓடும் நம் மூன்று சக்கரப் பாய்வண்டியை ஓட்டிப் பார்க்கலாம்.

2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் உப்பு ஏரியில் பாய்மரப் படகு வீரர் கிளென் ஆஷ்பி இப்படியொரு வண்டியில் மணிக்கு 222.4 கிலோமீட்டர் தொட்டார். எஞ்சின் கிடையாது. வீசிய காற்றைவிடப் பல மடங்கு வேகம்! வண்டி காற்றுக்குக் குறுக்காக ஓட ஓட எதிர்க்காற்றும் சேர்ந்து பாயை இழுக்கும், அதனால்தான் முடிகிறது. நாமும் காற்றுக்குக் குறுக்காகவே ஓட்டுவோம்.

அப்புறம், சனிக்கிழமை காலை நாலு பேர் வந்தால் கருவேல முள்ளைப் பொறுக்கிவிடலாம். போன வாரம் முன்டயரில் ஒன்று விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. மண் வெடிப்பு அகலமான இடங்களில் சுண்ணாம்புக் கோடும் போட வேண்டும்.

ஹெல்மெட் இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்ற மாட்டேன்.