சோலிகர் கிராம சபை கொடுக்கும் சீட்டை ஏற்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்டு மருந்துக் கடை உரிமையாளர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பழங்குடியினர் நலத்துறை,
கர்நாடக அரசு, பெங்களூரு.

பொருள்: பிலிகிரிரங்கன் மலை சோலிகர் கிராம சபைகள் வழங்கும் வனப்பொருள் போக்குவரத்துச் சீட்டை எல்லாச் சோதனைச் சாவடிகளும் ஏற்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மாமனார் அல்சூரில் தொடங்கிய நாட்டு மருந்துக் கடையை இப்போது நான் நடத்தி வருகிறேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், ஆனால் மனு எழுதும் அளவுக்கு வராது. எனவே தமிழில் எழுதி, கன்னட மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

எங்கள் கடைக்கு நெல்லிக்காய், சீயக்காய், கல்பாசி, மலைத்தேன் எல்லாம் சாமராஜநகர் மாவட்டத்து பிலிகிரிரங்கன் மலையிலிருந்து வருகின்றன. கொண்டு வருபவர்கள் அந்த மலையில் வாழும் பழங்குடியினரான சோலிகர்கள். சத்தியமங்கலம் பக்கம் இவர்களைச் சோளகர் என்பார்கள். சென்ற தை மாதம் மூன்று மூட்டை நெல்லிக்காயோடு வந்தவர்களை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். கையில் கிராம சபைக் குழு கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்த சீட்டு இருந்தது. அங்கிருந்தவர், "இது செல்லாது, மேலதிகாரி முத்திரை வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு ராத்திரி முழுக்க மூட்டைகள் அங்கேயே கிடந்தன. மறுநாள் மதியம் என் கடைக்கு வந்து பிரித்தபோது அடியில் நசுங்கிய காயெல்லாம் கறுத்து, நீர் விட்டுக் கிடந்தது. பாதிக்கு மேல் வற்றலுக்குக்கூட ஆகவில்லை. கொண்டு வந்த பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். "கெட்ட காய்க்கு எப்படி அம்மா காசு வாங்குவது?" என்று கேட்டார். கெடுத்தது அவர் இல்லையே!

எந்தச் சாவடி என்று இங்கே எழுதவில்லை. ஒரு ஊழியர் மேல் புகார் சொல்வது என் நோக்கமில்லை. விதி அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் குறை.

விதி தெளிவாகவே இருக்கிறது. வன உரிமைச் சட்டம், 2006-இன் பிரிவு 3(1)(இ) நெல்லி, தேன் போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்கே கொடுக்கிறது. 2012 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, அதைக் கொண்டு செல்லும் சீட்டை வழங்க வேண்டியது கிராம சபை அமைத்த குழு. மகசூலைச் சேகரிப்பதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. பிலிகிரிரங்கன் மலை 2011-ல் புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டயம் கொடுத்தது கர்நாடக அரசு. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல் முறை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்த அரசு கொடுத்த உரிமை, மலையடிவாரத்தைத் தாண்டியதும் செல்லாமல் போகலாமா?

இவர்கள் காட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு என் கடைச் சரக்கே சாட்சி. கிளையை வெட்டிச் சாய்த்துப் பறித்த நெல்லியில் குச்சியும் இலையும் கலந்து வரும். சோலிகர் கொண்டு வரும் மூட்டையைக் கவிழ்த்தால் காய் மட்டும் உருளும். ஒரு மரத்தை மொட்டையாகப் பறிக்க மாட்டார்கள், மானுக்கும் முளைக்கவும் விட்டு வைப்பார்கள். கல்பாசியும் அப்படித்தான். மேலே சாம்பல், அடியில் கறுப்பு, ஓரத்தில் நகக்கண் அளவு மரப்பட்டை. அதற்கு மேல் பட்டை உரிந்து வந்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை அவர்களுடைய போடுக்கே போயிருந்தேன். அவர்கள் குடியிருப்பை அப்படித்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஒரு 'எல்லே' உண்டு. நம் 'எல்லை'தான். அதற்குள் அந்தக் குலத்தின் தெய்வம், மாரம்மா, முன்னோரைப் புதைத்த கல், நீர் ஊறும் 'அப்பி' எல்லாம் இருக்கின்றன. பார்கவி ஆற்றோரம் நிற்கும் பெரிய செண்பக மரத்தை, தொட்ட சம்பிகையை, சாமியாகவே கும்பிடுகிறார்கள். மலைக்கோயில் ரங்கநாதர் தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் என்று அவரை மாப்பிள்ளை முறை வைத்துப் பேசுகிறார்கள். அந்தக் காட்டில் அவர்களுக்கு உறவில்லாத இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், நெருப்பு விஷயம். முன்பெல்லாம் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்கு மெல்லிய தீ வைப்பார்களாம். 'தரகு பெங்கி' என்று பெயர். தரையோடு ஓடி அணைந்துவிடும், மரத்தில் ஏறாது. 1974-ல் சரணாலயம் ஆன பிறகு அது தடைபட்டது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி புதர் புதராக மண்டியது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்கிறார்கள் பெரியவர்கள். உண்ணிச்செடி அங்கே பரவியதை நம் பெங்களூரில் உள்ள ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனமும் ஆண்டுக்கணக்கில் அளந்து பதிவு செய்திருக்கிறது. இன்று தீப்பிடித்தால் அந்தப் புதரே விறகாகி உயரமாக எரிகிறது. உடனே தீ வைக்க அனுமதியுங்கள் என்று நான் கேட்கவில்லை, அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தெரிந்தவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனவே, தாங்கள் வனத்துறையுடன் கலந்து, கிராம சபைச் சீட்டின் மாதிரியையும் முத்திரையையும் இணைத்து, பெங்களூரு வரும் வழியில் உள்ள எல்லாச் சாவடிகளுக்கும் கன்னடத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும், சரக்கை இரவெல்லாம் நிறுத்த வேண்டி வராது. அதே 2012 விதிகளின்படி காட்டைப் பராமரிக்கும் திட்டத்தைக் கிராம சபைக் குழு எழுத வேண்டும், அதை வனத்துறையின் திட்டத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கான கூட்டம் பெங்களூரில் நடக்காமல் மலையிலேயே, ஒரு போடில் நடந்தால் வயதானவர்களும் பெண்களும் வந்து பேச முடியும்.

நெல்லிப் பருவம் மார்கழியில் தொடங்குகிறது. முதல் மூட்டை மலையிறங்கும் முன் சுற்றறிக்கை சாவடிகளுக்குப் போய்ச் சேர ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு: கன்னட மொழிபெயர்ப்பு, கிராம சபைச் சீட்டின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)