தலைநகர்களில் பயணச்சீட்டு கவனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுத் தலைநகரங்களைப் பற்றி எழுதுபவர்கள் கோபுரங்களையும் அரண்மனைகளையும் வர்ணிக்கிறார்கள். பயணச்சீட்டு விதிகளை விட்டுவிடுகிறார்கள். பணம் போவது அங்கேதான்.

பெர்லின் சுரங்க ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது. நடைமேடை இயந்திரத்தில் வாங்கிய ஒற்றைப் பயணச்சீட்டை அருகிலுள்ள சிறு பெட்டியில் நுழைத்து நேர முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் சீட்டு செல்லாது. அபராதம் 60 யூரோ.

லண்டன் சுரங்க ரயிலில் நுழையும்போது வாயில் கருவியில் தொட்ட அதே வங்கி அட்டையைத்தான் வெளியேறும்போதும் தொட வேண்டும். உள்ளே அட்டை, வெளியே கைபேசி என்று மாற்றினால், கணக்கு ஒன்றே ஆனாலும், முடிவுறாத இரண்டு பயணங்களாகக் கொண்டு அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள்.

பயணச்சீட்டு மட்டுமல்ல, விடுமுறை நாளும் தெரிந்திருக்க வேண்டும்: பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள்.

பயணக் கட்டுரைகளோடு இத்தகைய விவரங்களையும் அவசியம் வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர்