கோபத்தோடு போட்ட பிடி அரிசி

இடையன்குடி,
ஞாயிறு மாலை.

என் அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "முழங்கால் போட்டாலும் ஒரு வார்த்தையும் வரமாட்டேங்குதுப்பா, சும்மா சுவரைப் பார்த்துட்டு எந்திரிச்சிருதேன்" என்றாய். நான் "சரிம்மா, தூங்கு, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்கே தெரியும். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த ஜெபக்கூட்டத்து அக்கா சொன்னது. மூன்றாவது தடவையும், அதுவும் ஐந்தாம் மாதத்தில், பிள்ளை தங்காமல் போனதற்கு உன் விசுவாசக் குறைவுதான் காரணம், இல்லையென்றால் குடும்பத்தில் மறைந்திருக்கிற பாவம் ஏதோ இருக்கிறது என்று சொன்னார்களாம். அவர்கள் உன்மேல் உள்ள அக்கறையில் சொல்லியிருக்கலாம். ஆனால் மகளே, அது தப்பு. வேதத்தை வைத்தே சொல்கிறேன். பிறவிக் குருடனைப் பார்த்து, "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா" என்று சீஷர்கள் கேட்டபோது, ரெண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். பவுலைப் பார். எத்தனையோ பேரைச் சுகமாக்கினவர். ஆனால் தீமோத்தேயுவுக்கு எழுதின ரெண்டாம் நிருபத்தின் கடைசியில், துரோப்பீமுவை மிலேத்துவிலே வியாதியோடு விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். கூடவே ஊழியம் செய்தவன். அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விட்டுவந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நான் எத்தனையோ முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் ராப்பகலாய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் கோபப்பட்டது, தன்னோடு வழக்காடின யோபுவின்மேல் இல்லை, தன் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவனைக் குற்றப்படுத்தினவர்கள்மேல்தான். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள்.

இனி நான் சொல்லப்போவதை உன்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. உன் அண்ணன் படம் நம் வீட்டு முன்னறையில் தொங்குகிறது, அவன் நாலு வயதில் மூளைக் காய்ச்சலில் போனான், அந்த அளவுக்குத்தான் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது.

1989, சித்திரை மாதம். பதநீர் காலம். அவனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடியற்காலையில் உன் தாத்தா அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு பனைக்குப் போனார். பாளையை இடுக்கி, நுனியைச் சீவிச் சீவி, பல நாள் ஒரு சொட்டும் வராமல் காத்திருந்துதான் பதநீர் இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் சீவாமல் விட்டாலும் வெட்டுவாய் காய்ந்து அடைத்துவிடும். அதெல்லாம் எனக்குத் தெரியும், நானும் பனையேறி மகன்தானே. ஆனாலும் அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பேரப்பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறான், இவருக்கு மரம் கேட்கிறதா என்று நினைத்தேன். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எப்போதும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஏறுமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். அன்று எந்த மரத்தடியிலும் நிற்கவில்லை. கலயத்தில் சுண்ணாம்பைத் தடவினார், ஏறினார், சீவினார், இறங்கினார். மரம் மரமாய் அப்படியே போய்க்கொண்டிருந்தார். அவருக்குள்ளும் ஜெபம் நின்றுபோயிருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

நான் கோயிலுக்குள் போவதை விட்டுவிட்டேன். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவோடு புறப்படுவேன், வாசல் வரை போவேன், அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே கீர்த்தனை பாடுவது கேட்கும். எனக்கு மனப்பாடமான கீர்த்தனைதான். வாய் திறக்காது. சபைப் போதகர் ஐயர் ரெண்டு முறை வெளியே வந்து பார்த்தார். எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் கூட நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கேட்டிருந்தால் நான் ஏதாவது தவறாகப் பேசியிருப்பேன். அந்த மனிதரின் அந்த அமைதியை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

பதினாலு மாதம் இப்படிப் போனது.

அந்த நாளில்தான் ஒரு காலை அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போனேன். உன் அம்மா உலை வைக்க அரிசி அளந்துகொண்டிருந்தாள். நம் ஊர்ப் பெண்களுக்கு உள்ள வழக்கம்தான், உனக்கும் தெரியும், அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவது. அவள் கையை அரிசிக்குள் விட்டாள். அப்படியே வெகு நேரம் இருந்தாள். அப்புறம் ஒரு பிடி அள்ளி, மெதுவாகப் போடவில்லை, கல்லை எறிவதுபோல் கலயத்துக்குள் எறிந்தாள். பாதி அரிசி வெளியே சிதறியது. குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி மறுபடியும் உள்ளே போட்டாள். நான் எரிச்சலோடு கேட்டேன், "இன்னும் யாருக்குப் போடுத இதை?" அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கோவத்தோடதான் போடுதேன். ஆனா போடாம இருக்க முடியல" என்றாள்.

மகளே, நான் கேட்ட பிரசங்கங்கள் எத்தனையோ. எனக்குள் இறங்கினது அந்த ஒரு வார்த்தைதான். கோபமாக இருப்பது வேறு, விட்டுப்போவது வேறு என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் ரெண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் இப்போது அப்படித்தான் நினைக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வார்த்தை வராததால் நீ தேவனை விட்டுவிட்டாய் என்று அர்த்தமில்லை. சுவரைப் பார்த்தாயே, முழங்காலில் நின்றுதானே பார்த்தாய்?

சங்கீதம் 88 வாசித்துப் பார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் எப்படியாவது துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பும். இது திரும்பாது. சிநேகிதரெல்லாம் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்று சொல்லி இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், வெட்டி எறியவில்லை. உனக்குச் சொந்தமாக வார்த்தை வராத நாளில் அதை வாய்விட்டு வாசி, போதும். அதுவும் முடியவில்லை என்றால், மாற்கு ஒன்பதில் பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு தகப்பன் சொல்கிறானே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, அதைச் சொல். ஒரே மூச்சில் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் சேர்த்துச் சொன்னான். முதலில் உன் விசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

நான் எப்படி உள்ளே போனேன் என்று கேட்பாய். பெரிய சாட்சி ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் இருக்க உள்ளே போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை, அழுகைகூட வரவில்லை. அடுத்த வாரம் மழை இல்லை, ஆனாலும் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். மறுபடி பாட வாய் திறக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் 1991ல் நீ பிறந்தாய். ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ அவனுக்குப் பதிலாக வந்தவள் இல்லை. அப்படி ஒருநாளும் நாங்கள் நினைத்ததில்லை. யோபுவுக்குப் பிற்பாடு மறுபடியும் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. முதல் பத்துப் பேரை அவன் மறந்தான் என்று எங்கேயும் எழுதவில்லை. உன் மூன்று பிள்ளைகளையும் மறந்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதே. எங்களுக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகள்தான்.

உனக்குக் கட்டாயம் பிள்ளை பிறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஜெபிக்கிறேன், தினமும் கேட்கிறேன். ஆனால் கிடைத்தால்தான் அவர் தேவன் என்று உன்னை நான் வளர்க்கவில்லை.

நம் கோயிலை நினைத்துக்கொள். கால்டுவெல் ஐயர் 1841ல் இந்தத் தேரிக்காட்டு ஊருக்கு வந்தார். கோயில் வேலையை 1847ல் ஆரம்பித்தார், பிரதிஷ்டை நடந்தது 1880ல். முப்பத்துமூன்று வருஷம். நடுவில் பணமில்லாமல் வேலை இழுத்துக்கொண்டே போனது, அப்புறம் 1876ல் தாது வருஷப் பஞ்சம் வேறு வந்தது. கடைக்காலுக்கு மண் சுமந்த பெண்களில் எத்தனை பேர் அந்தப் பிரதிஷ்டை நாளைப் பார்த்திருப்பார்கள்? கூரையில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளைப் பெற்று, புதைத்து, தாங்களும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இன்று காலை கோபுர மணி அடித்தபோது அவர்களைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டாக்டர் எழுதின பரிசோதனைகளை எல்லாம் செய். மூன்று முறை போனதற்குக் காரணம் தேடுவது அவிசுவாசம் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே மருந்து சொல்லியிருக்கிறார். அந்த ஜெபக்கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போகாவிட்டால் பரவாயில்லை. ஆனால் மஸ்கட்டில் உங்கள் வெள்ளிக்கிழமை ஆராதனையை விடாதே. கடைசி வரிசையில் உட்கார், பாடாதே, யாரிடமும் பேசாதே, முடிந்ததும் எழுந்து வா. சுற்றி இருக்கிறவர்கள் பாடட்டும், அது உனக்கும் சேர்த்துத்தான். மாப்பிள்ளையையும் கவனித்துக்கொள். அவர் உன் முன்னால் அழாமல் இருக்கிறார் என்றால் அழவில்லை என்று அர்த்தமில்லை. நானும் வேப்பமரத்தடியில்தான் அழுதேன். அவரை எனக்குப் போன் பண்ணச் சொல், நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா ஒரு மாதமாய் ரெண்டு பிடி போடுகிறாள். நேற்றுத்தான் கவனித்துக் கேட்டேன். ஒன்று அவளுடையது, இன்னொன்று நீ மறுபடி போட ஆரம்பிக்கும் வரைக்கும் உன்னுடையது என்றாள்.

அடுத்த வாரம் தெற்குத் தெருப் பையன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான். அவனிடம் சில்லுக் கருப்பட்டியும் அம்மா பொடித்த சுக்கும் கொடுத்து அனுப்புகிறோம். கருப்பட்டியை ஈரம் படாமல் டப்பாவில் வை. கையில் கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்.

உன் அப்பா.