கேம்பர்வேன் கட்டித் தருபவர்களுக்கு: குளிரில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது குறித்து ஒரு திறந்த மடல்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் கேம்பர்வேன் கட்டித் தரும் பாடி பில்டர்களுக்கும், அவற்றுக்கு லித்தியம் பேட்டரி கட்டிக் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, நம் மூன்று ஊர்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நம் பட்டறையிலிருந்து வெளியே வரும் வண்டி வடக்கே திரும்பினால், வேறு சாலைக்கு மாறாமலே காஷ்மீர் போய்ச் சேர்ந்துவிடலாம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, மணாலியைத் தாண்டி லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்திலும் வண்டிகள் போகின்றன. அவ்வளவு தூரம் போகாதவர்கள்கூட, டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி பார்க்கவென்றே ஊட்டிக்கு வண்டியை ஓட்டிச் சென்று, திறந்தவெளியில் நிறுத்தி இரவு தங்குகிறார்கள். இந்த வண்டிகளுக்குள் விளக்கு, ஃப்ரிட்ஜ், மின்விசிறி, தண்ணீர் பம்பு ஆகியவற்றை ஓட்டும் ஹவுஸ் பேட்டரி இப்போது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாகிவிட்டது. அதன் ஆயுள் பெருமளவும் நாம் வயரிங் செய்யும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்பதால்தான், அதே தொழிலில் இருக்கும் ஒருவனாக உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பேட்டரிக்குள் இருக்கும் செல்லின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதற்குள் எந்த வழியிலும் சார்ஜ் ஏற முடியாதபடி வண்டியைக் கட்டுங்கள். அப்படிக் கட்டியிருப்பதை வாங்குபவரின் கண் முன்னே சோதித்துக் காட்டிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

நம் ஊரில் இது தேவையற்ற கவலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மார்கழி விடியலில் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வத்தல்மலையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாதுதான். ஆனால் அந்தக் குளிர் இந்த பேட்டரிக்கு ஒரு பொருட்டே அல்ல. நாம் இங்கே சோதித்துப் பார்க்கும் எந்த நாளிலும் கோளாறு வெளியே தெரியாது. தெரியும் இடத்தில் நாம் இருக்க மாட்டோம்.

குளிரில் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் "மைனஸ் 20 வரை தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதே" என்ற பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அந்த மைனஸ் 20, பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுப்பதற்கான வரம்பு. ஏற்றுவதற்கான வரம்பு அதே அட்டையில் அடுத்த வரியில், பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்மின்வாயான கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து அமர வேண்டும். குளிரில் அந்த நுழைவு மிகவும் மந்தமாகிவிடுகிறது. நாம் தள்ளும் ஆம்பியர் மட்டும் குறையாமல் இருந்தால், உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதிதான் திரும்பி வேலைக்கு வரும். மிச்சம் நிரந்தர இழப்பு. அந்தப் படிவு ஊசிபோல் வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. மின்சாரத்தை எடுக்கும்போது அயனிகள் கிராஃபைட்டை விட்டு வெளியேறுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கொள்ளளவும் மின்னழுத்தமும் தற்காலிகமாகக் குறையும், அவ்வளவுதான். பூஜ்ஜியத்துக்கு மேல் வந்துவிட்டாலும் முழு ஆம்பியரைத் தள்ளிவிடலாம் என்று பொருளல்ல. 10 டிகிரியை எட்டும் வரை குறைந்த ஆம்பியரிலேயே ஏற்றும்படி பல செல் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தச் சேதத்தை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய தொல்லை. அன்று காலை எல்லாம் சரியாகவே ஓடும். பேட்டரியின் மொபைல் ஆப்பில் நூறு சதவீதம் என்றே காட்டும். வடக்கே போய்த் திரும்பிய ஒரு வண்டியின் பேட்டரி அண்மையில் என் மேசைக்கு வந்தது. முன்பெல்லாம் விடிய விடிய ஓடிய ஃப்ரிட்ஜ், இப்போது நள்ளிரவுக்குள் நின்றுவிடுகிறது என்பது உரிமையாளரின் புகார். சார்ஜை முழுக்க இறக்கி அளந்து பார்த்தபோது, எழுதியிருந்த கொள்ளளவில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. குளிரில் சார்ஜ் ஏற்றியதுதான் காரணம் என்று செல்லை அறுத்துப் பார்க்காமல் நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி சேசிஸுக்கு அடியில் வெறும் தகரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு ரிலே வழியாக நேரே வயர் போயிருந்தது, பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ். உடன் வந்த வெப்ப சென்சார், அந்தக் கறுப்பு மணி, எந்தச் செல்லையும் தொடாமல் வயர் கட்டுக்கு நடுவே கேபிள் டையால் இறுக்கப்பட்டிருந்தது. வண்டியைக் கட்டியவர் கைசுத்தமான வேலைக்காரர். வயர் முனையில் மாட்டும் லக் ஒவ்வொன்றும் ஒழுங்காக அழுத்தப்பட்டிருந்தது. இந்த ஒன்றை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த மணி எங்கே ஒட்டப்படுகிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. பலகையின் அருகில் இருந்தால், மின்சாரம் பாயும்போது பலகையின் ஸ்விட்ச்களான மாஸ்ஃபெட்டுகள் வெளியிடும் சூட்டைத்தான் அது அளக்கும். செல் மைனஸ் 4இல் இருக்கும்போது மணி பத்தோ பதினைந்தோ காட்டிக்கொண்டிருக்கும். அது செல்லின் உடம்போடு, சூடு தாங்கும் காப்டன் டேப்பால் ஒட்டப்பட வேண்டும். அதுவும் நடுச் செல்லில் அல்ல, முதலில் குளிரும் ஓரச் செல்லில். பலகையில் குறைந்த வெப்பநிலைக் காப்பு இருக்கிறதா, இருந்தால் எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஆப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். இந்தக் காப்பே இல்லாத மலிவுப் பலகைகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இருக்கும் சிலவற்றிலும் அது அணைக்கப்பட்டோ பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே வைக்கப்பட்டோ வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வெயிலில் இதை எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். ஐஸ் கட்டியை நொறுக்கி, கல்லுப்பைக் கலந்து ஒரு பாத்திரத்தில் வையுங்கள். குச்சி ஐஸ்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான். பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி எளிதாக இறங்கும். பெட்டியை மூடுவதற்கு முன், சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சென்சார் மணியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு அதற்குள் இறக்குங்கள். சிறிது நேரத்தில் உள்ளே போகும் ஆம்பியர் பூஜ்ஜியமாக வேண்டும். அதே சமயம் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆம்பியர் குறையவில்லை என்றால் அந்த வண்டி ஊட்டிக்குக்கூடப் போகத் தகுதியற்றது. சோதனை முடிந்ததும் மணியை மறக்காமல் செல்லில் ஒட்டிவிடுங்கள்.

பி.எம்.எஸ். கடைசித் தடுப்பாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சோலார் பேனலிலிருந்து மின்சாரம் வேகமாக வந்துகொண்டிருக்கும்போது அது திடீரென்று வழியை அடைத்தால், போக்கிடம் இல்லாத சோலார் கண்ட்ரோலரின் மின்னழுத்தம் எகிறி, விளக்கையோ ஃப்ரிட்ஜின் பலகையையோ பதம் பார்த்துவிடலாம். எனவே சார்ஜ் கொடுக்கும் கருவிகளே பேட்டரியின் குளிரை அறிந்து தாமாக நிற்க வேண்டும். பேட்டரி வெப்பநிலையைப் படிக்கும் எம்பிபிடி வகை சோலார் கண்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைச் சீராக்கி பேட்டரிக்குத் தரும் டிசி-டிசி சார்ஜரில் ரிமோட் ஆன்/ஆஃப் வயர் இருந்தால், அதைச் செல்லோடு ஒட்டிய ஒரு தெர்மோஸ்டாட் வழியாகக் கொண்டு போனாலே போதும். ஆல்டர்னேட்டரிலிருந்து ரிலே போட்டு நேரே இணைக்கும் பழக்கத்தை, குளிரை விட்டுத் தள்ளினாலும், லித்தியத்துக்கு அறவே கைவிட வேண்டும்: உள் தடை குறைந்த இந்த பேட்டரி கிடைக்கும் ஆம்பியரையெல்லாம் இழுத்து, ஐட்லிங்கில் நிற்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும், பிஎஸ் 6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தமே நிலையாக இருப்பதில்லை.

டியூபுலர் பேட்டரியோடு வளர்ந்த நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஈய பேட்டரி சார்ஜரில், குளிர் கூடக் கூட மின்னழுத்தத்தை உயர்த்தும் ஏற்பாடு இருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிவோல்ட். ஈயத்துக்கு அது நல்லது. 25 டிகிரியில் 14.4 வோல்ட் தரும் சார்ஜர் மைனஸ் 5இல் 15 வோல்ட்டைத் தாண்டிவிடும்; நான்கு செல் கொண்ட லித்தியம் பேட்டரியின் உச்ச வரம்போ 14.6. ஆகவே அந்த ஏற்பாட்டையும், ஈய பேட்டரிக்காக அவ்வப்போது மின்னழுத்தத்தைக் கூட்டி ஏற்றும் ஈக்வலைசேஷன் முறையையும் அணைத்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

மலையில் ஆபத்தான வேளை நள்ளிரவு அல்ல, விடிந்தபின் வரும் முதல் சில மணி நேரம். இரவெல்லாம் குளிர்ந்த செல் அப்போதுதான் தன் அடிமட்டத்தில் இருக்கும். லடாக் போன்ற இடங்களில் காற்று உறைந்திருக்கும்போதே வெயில் சுள்ளென்று அடிக்கும். குளிர்ந்த பேனல் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே உற்பத்தி செய்யும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பேட்டரி மெதுவாகக் குளிர்ந்து, மெதுவாகவே சூடேறும். காற்று 8 டிகிரிக்கு வந்துவிட்டதென்றால் செல்லும் வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. அதே மந்தம் மாலையில் நமக்கு உதவும்: ஓடி வந்த வண்டியில் பேட்டரி இதமாக இருக்கும்போதே சார்ஜை நிரப்பிக்கொள்ளும்படி பயணிகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சூடேற்றும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கும் வியப்பாக இருக்கும். 100 ஆம்பியர்-அவர், 12.8 வோல்ட் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-அவர். 12 கிலோ எடையை மைனஸ் 5இலிருந்து பிளஸ் 5க்குக் கொண்டுவர, கிலோவுக்கு டிகிரிக்கு சுமார் ஒரு கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 120 கிலோஜூல், அதாவது 33 வாட்-அவர் போதும். வெளியே விரயமாவதற்கு இன்னொரு மடங்கு சேர்த்தாலும் இருப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். 40, 50 வாட் ஹீட்டிங் பேட் ஒன்றை அலுமினியத் தகட்டின் மேல் ஒட்டி, 5 டிகிரியில் ஓடி 10இல் நிற்கும் தெர்மோஸ்டாட்டும் தனி ஃபியூஸும் வைத்தால், பேட்டரி தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். தகடு இல்லாமல் பேடை நேரே செல்லில் ஒட்ட வேண்டாம். ஓரிடம் மட்டும் கொதிக்கும்.

பெட்டியை வண்டிக்கு உள்ளே, ஆட்கள் படுக்கும் பகுதியோடு சேர்ந்த இடத்தில், காப்புப் பலகை சுற்றி வையுங்கள். அடியில் தொங்கவிட்டால் இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் மலையில் அது உறையும், சித்திரையில் தொப்பூர் கணவாய் ஏறும்போது சூடான தார்ச்சாலையின் அனலை வாங்கி 45ஐத் தொடும். உள்ளே வைத்தாலும் கோடைக்காகத் திறந்து மூடக்கூடிய காற்றுவழி ஒன்று தேவை.

எல்லா வண்டிக்கும் லித்தியம்தான் வேண்டும் என்ற பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. பனிக்காலத்தில் மட்டும் மலைக்குப் போகிறவர், இந்தச் செலவைச் செய்ய மனமில்லாதவர் என்றால், ஈய வகையைச் சேர்ந்த நல்ல ஏஜிஎம் பேட்டரியே அவருக்குப் பொருந்தும். எடை கூடும், பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆனால் உறைகுளிரிலும் சார்ஜ் ஏற்றலாம். முழுக்க இறங்கிய நிலையில் மட்டும் அதைக் குளிரில் விட்டுவிடக் கூடாது, அமிலம் உறைந்து பேட்டரியின் உறை விரிசல் விடும். எங்கே போகப் போகிறீர்கள் என்ற கேள்வியை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிட்டால் பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை அடுத்து 2022இல் மின்சார வாகனங்களுக்கான ஏஐஎஸ் 156 தர விதிகள் இறுக்கப்பட்டன. அவை வண்டியை ஓட்டும் பேட்டரிக்கானவை. நாம் படுக்கைக்கு அடியில் வைக்கும் பேட்டரியைப் பற்றிப் பேசுபவை அல்ல. ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் ஸ்கூட்டர் தயாரிக்கும் இந்த மாவட்டத்தில், செல்லைக் கையாளத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. நம் பட்டறைகளுக்கு அவர்களை அழைத்து, ஐஸ் சோதனையை ஒரு நாள் சேர்ந்து செய்து பார்க்கலாம். இடம் தர நான் தயார்.

வண்டியை ஒப்படைக்கும்போது பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள்: சார்ஜ் நிற்கும் வெப்பநிலை எவ்வளவு, சென்சார் எந்தச் செல்லில் இருக்கிறது, ஹீட்டரின் ஃபியூஸ் எங்கே இருக்கிறது, சோதனை எந்தத் தேதியில் நடந்தது. அவசரத்தில் மூடியைத் திறப்பவர் வண்டி உரிமையாளராக இல்லாமல் வடக்கே ஏதோ ஓர் ஊரின் எலக்ட்ரீஷியனாகவும் இருக்கக்கூடும். ஆகவே தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள்.

இங்ஙனம்,
வாகன மின்பணி செய்யும் தொழிலாளி ஒருவர்,
கிருஷ்ணகிரி.