சுரங்கப்பாதையில் நீ சொல்ல வந்தது

அன்புள்ள மகளுக்கு,

நான் லண்டனில் இருந்து வந்து சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ் பிடித்து, விடியப் படலையைத் திறந்தபோது அம்மா முதலில் கேட்டது, "பிள்ளை மெலிஞ்சுபோனாளோ?" இல்லை, வடிவாகத்தான் இருக்கிறாள் என்றேன். அடுத்ததாக மருமகனைக் கேட்டா. வேலை விஷயமாக மான்செஸ்டருக்குப் போயிருந்தார், சந்திக்கக் கிடைக்கவில்லை என்று நீ எனக்குச் சொன்னதையே நானும் சொன்னேன். போனில் கதைக்கும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நல்லூரில் கொடியேறி நாலு நாள். கொக்குவில் மாமி வந்து நிற்கிறா. தம்பியின் காணி விஷயம் இன்னும் முடியவில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஈஸ்ட்ஹாமில் இருந்து நீ என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்ததை இங்கே ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகப் பயந்த பிள்ளை, லண்டனில் பலகையைக்கூடப் பார்க்காமல் ரெயில் மாறுகிறாள் என்று சொன்னேன். இரவு வேலை முடித்து வந்த களையோடும் என்னை வெளிக்கிடுத்தினாய். சாரதி இல்லாமல் ஓடுகிற ரெயிலில் முன் சீட்டில் என்னை இருத்தி, "நீங்கள்தான் ஓட்டுறீங்கள் அப்பா" என்றாய். அந்த ரெயில் 1987 இலேயே ஓடத் தொடங்கிவிட்டதாம், நீ பிறந்த வருஷம். அந்த வருஷம் ஒக்ரோபரில் உன்னைச் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோயில் மண்டபத்தில் இருந்தோம். அதெல்லாம் இப்போது எதற்கு.

ஊர் முழுவதும் காட்டினாய். வீட்டை மட்டும் காட்டவில்லை. மூன்று கிழமையும் பானையில் ஒரு சுண்டு அரிசிக்கு மேல் நீ போடவில்லை, அதிலும் மிச்சம் வந்தது. மருமகனுக்கு என்று அம்மா கட்டித் தந்த ஒடியல் மாப் பொட்டலம், நான் வந்த அன்று குசினி அலுமாரியின் மேல்தட்டில் நீ வைத்தபடியே, வெளிக்கிட்ட அன்றும் இருந்தது. அம்மா போட்ட சணல் முடிச்சுக்கூட அவிழவில்லை. ஒடியல் மா பழுதாகாது, தெரியும். ஆனால் கூழென்றால் அவருக்கு உயிர், அதுவும் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இல்லை, நீ சொல்ல வந்தாய். அதைத்தான் எழுத வேண்டும்.

ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கி, தேம்ஸ் ஆற்றுக்கு அடியால் கிறீன்விச்சுக்கு நடந்து போனோமே, அந்தச் சுரங்கப்பாதை. படியால் இறங்கியவுடன் கொஞ்சத் தூரம் ஒடுங்கிக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமான இடம், உள்ளால் இரும்பு போட்டுத் திருத்தியதால் வந்த ஒடுக்கம். நீ அந்த இடத்தில் நின்றுவிட்டாய். "எங்கட பங்கர் மாதிரி இல்லையா அப்பா" என்றாய். 95 இடப்பெயர்வுக்கு முதல் முருங்கைக்குக் கீழே பனங்குற்றி அடுக்கி நான் வெட்டிய பங்கர். அந்தப் பச்சை டோர்ச்சை உன் கையில்தான் தருவேன், நீதான் தம்பிக்கு வெளிச்சம் பிடிப்பாய். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்" என்றாய்.

நான் சுவரைக் காட்டி, "இந்த வெள்ளை ஓடுகளைப் பார் பிள்ளை" என்றேன். 1902 இல் திறந்தது, நீளம் 370 மீற்றர் என்று மற்றக் கரை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். உன் கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் நான் கீறிய பூச்சியப் பாகை நெடுங்கோட்டை, கிறீன்விச் வானாய்வகத்தில் உலோகப் பட்டையாக நிலத்தில் கண்டபோது கால் கூசியது. அந்தக் கோட்டைத்தான் உலகத்துக்குப் பொதுவாக 1884 இல் வாஷிங்டனில் கூடித் தீர்மானித்தார்கள். இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுக்க வரிசை நின்றது. நீ போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பூச்சியம் இல்லை, மேற்கு 5 விகலை காட்டுது" என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். மூன்று கிழமையில் நீ வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான். பிறகு வெளியே வந்து, போனைப் பிடித்துக்கொண்டு இருவருமாகப் பூச்சியத்தைத் தேடிப் பூங்காவுக்குள் நடந்தோம். கோட்டில் இருந்து 102 மீற்றர் கிழக்கே, வெறும் புல். அங்கே ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை. அந்தப் புல்லில் இருந்துகொண்டு இடியப்பப் பார்சலைப் பிரித்தோம். உன் பங்கில் பாதியை எனக்குத் தள்ளினாய். நேரத்துக்குச் சாப்பிடு என்று அன்றும் சொன்னேன்.

அந்த 102 மீற்றர் மனதை அரித்தது. அன்று இரவு உன் குசினி மேசையில் இருந்து காரணம் தேடி வாசித்தேன். அந்தக் கோடு, எயரி என்ற வானியலாளர் 1851 இல் அங்கே வைத்த தொலைநோக்கியின் வழியாகப் போகிறது. அதை அவர் பாதரசத் தட்டு வைத்து நிலைக்குத்தாக்கினார். அந்த இடத்துப் புவியீர்ப்பு சரியாகப் பூமியின் மையத்தை நோக்கி இழுக்கவில்லை, ஒரு பொட்டுச் சாய்வு. செய்மதி பூமியின் மையத்தை வைத்து அளக்கிறது. அதனால் இரண்டும் பொருந்தாது. ஒரு மணி இருக்கும், நீ தண்ணீர் குடிக்க வந்தாய். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் உனக்குப் பாதரசத் தட்டைப் பற்றிச் சொன்னேன். நீ நின்று முழுவதையும் கேட்டாய். "குட் நைட் அப்பா" என்று போய்விட்டாய்.

வாத்தியார் என்பதால் இப்படி என்று அம்மா சொல்லுவா. அது இல்லை. எனக்குப் பயம். உனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஓர் இரவு போன் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அழுதாயே. "எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதான், பொறுத்துப் போ" என்றேன். சொல்லிவிட்டு, நித்திரையில் இருந்த அம்மாவை எழுப்பி அவ கையில் போனைக் கொடுத்துவிட்டேன். அம்மா கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் சொன்னதில்லை. சம்பந்தம் பேசியது நான். சாதகத்தைப் பார்த்தேன், குடும்பத்தை விசாரித்தேன், உன்னை ஒரு சொல் கேட்கவில்லை. அது பிழையென்று அந்த இரவே எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் போனைக் கைமாற்றினேன்.

மருமகன் எங்கே என்று இந்தக் கடிதத்திலும் நான் கேட்கவில்லை, பார்த்தாயா. நீயாகச் சொல்லு. மாமி என்ன சொல்லுவா, ஊர் என்ன கதைக்கும் என்பதை என்னிடம் விட்டுவிடு. இங்கே உன் அறை உன் அறையாகத்தான் இருக்கிறது. வந்து கொஞ்ச நாள் நிற்கலாம், வராமல் அங்கேயே இருந்தாலும் சரி. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து பஸ் தரிப்பில் தனியாக நிற்காதே.

இப்போது கோடை, உனக்கும் எனக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். உனக்கு இரவு ஒரு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை. நான் கிணற்றடியில் பூவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பேன். அம்மா அந்த நேரம் நல்லூரில். போன் எடு பிள்ளை. நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா