பழைய கார் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, நம் பட்டறை நாள்களில் திரும்பத் திரும்ப வந்து நின்ற ஒரு கோளாறுக்கே ஒதுக்குகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, பெட்ரோல் போதாமல் இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றுவிடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

வண்டி திணறியதும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைக் கழற்றுவது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. கழற்றிக் கழுவி மாட்டிய பிறகும் கோளாறு அப்படியே இருந்த வண்டிகள்தான் அதிகம் வந்தன. சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றுவதில்லை என்று நிர்வாகக் குழு இவ்வாண்டு முடிவெடுத்தது. என்னைக் கேட்டால், சங்கம் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது இதுதான்.

முதலில், குறை பெட்ரோலில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்பொறி உண்டாக உதவும் கண்டென்சரோ இக்னிஷன் காயிலோ சூடேறியதும் செயலிழந்தாலும் வண்டி ஏறக்குறைய இதே போலத்தான் நிற்கும். வண்டி நின்ற உடனே, இஞ்சின் ஓடாத நிலையில், ஏர் கிளீனரை எடுத்துவிட்டு ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை இழுக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்பு உள்ள கார்புரேட்டர் என்றால் உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. மின்பொறிப் பக்கம் தேடலாம். வறண்டிருந்தால் பம்பு, ஹோஸ், டேங்க் என்று பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.

அடுத்தது பாட்டில் சோதனை. இக்னிஷன் காயிலின் இணைப்பைத் துண்டித்து, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்டரைச் சுழற்றினால் பம்பு எவ்வளவு தள்ளுகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் பலமாக வந்து விழ வேண்டும். அளவுக்கு அந்தந்த வண்டியின் கையேடே இறுதி. அழுத்தத்தைப் பொறுத்தவரை, கார்புரேட்டர் வண்டிகளின் இயந்திரப் பம்புகள் பெரும்பாலும் 3 முதல் 6 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) இருக்கும். அதற்கு மேல் போனால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தோடு தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இதைப் போலப் பல மடங்கு அழுத்தம், இஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் தங்கியிருக்கும். அதை வடிக்காமல் யாரும் ஹோஸில் கை வைக்க வேண்டாம்.

இவ்வாண்டு எங்களை அதிகம் அலைக்கழித்தது டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட ஹோஸ். அது உறிஞ்சும் பக்கம். வெடிப்பிருந்தாலும் இஞ்சின் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். உறுப்பினர் ஒருவரின் வண்டி மெதுவாகப் போகும்போது குறையே சொல்லாது; வேகமெடுத்தால் மூச்சடைத்துப்போகும். பம்பும் ஃபில்டரும் புதிது. பம்புக்கு முன்னால் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தபோது குமிழிகள் வரிசையாக ஓடின. வெளியே பளபளவென்றிருந்த ஹோஸை நீளவாக்கில் அறுத்தோம். உட்புற ரப்பர் உரிந்து, நாக்கைப் போல வழியை மறித்துத் தொங்கியது. கிளிப் இருந்த இடத்தில் மயிரிழை வெடிப்பும் தெரிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்து நெகிழச் செய்துவிடுகிறது. எத்தனாலைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட ஹோஸையே இனி வாங்குங்கள்.

டேங்க் மூடியையும் மறந்துவிடாதீர்கள். காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் போனதும் வண்டி நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, வண்டியும் மறுபடி ஓடினால் விஷயம் முடிந்தது. சில வண்டிகளில் காற்று வழி மூடியில் இல்லாமல் தனிக் குழாயாக இருக்கும். அதையும் ஊதிப் பாருங்கள்.

பம்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாப்ரம் கிழிவதை மட்டும் யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இஞ்சினோடு பொருத்திய பல பம்புகளில் கசியும் பெட்ரோல் நேராக ஆயிலில் போய்க் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், பம்பைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றும்வரை வண்டியைக் கிளப்பவே கூடாது.

பாதுகாப்பு விதி ஒன்றும் கொண்டுவந்திருக்கிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் ஆய்வுக் குழிக்குள் இறங்கித் தேங்கும். ஆகவே குழிக்கு மேல் வண்டியை நிறுத்தி எரிபொருள் குழாயைத் திறக்கக் கூடாது. திறந்த வெளியில், பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டுமே இந்த வேலை. இது சிரமம் என்று சில மூத்த உறுப்பினர்கள் சொன்னார்கள். அவர்கள் அனுபவத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த விதியில் விலக்கு அளிக்க இயலாது.

அழுத்தமானியையும் வெற்றிடமானியையும் உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கண்ட அளவை வண்டியின் பெயரோடு பதிவேட்டில் எழுதித் திருப்பித் தர வேண்டும். வரும் ஆண்டில் டேங்க் துருவைச் சுத்தம் செய்யும் செயல்விளக்கம் ஒன்று நடத்தவும், கூடுதலாக ஓர் அழுத்தமானி வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்