ஆண்டறிக்கை 2025: காற்று வரும் நேரத்தில் தீர்ந்துபோன டேப்

தலைவர் அண்ணனுக்கும் பொருளாளருக்கும், மாதா மாதம் வந்து மொட்டைமாடி அறையின் தரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் இருந்துகொண்டு பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கில ராக் இசைக்குழுவுக்கு ஒரு சங்கமா என்று என் மைத்துனர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். 2002இல் அந்தக் குழுவில் பாடிய ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூர் வந்தபோது இங்கிருந்து ரயில் ஏறிப் போன நாலு பேர் திரும்பி வரும் வழியில் ஆரம்பித்தது இது, அவ்வளவுதான் பதில்.

இந்த ஆண்டு பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும், ஒன்பதுதான் நடந்தது. இரண்டு மழையில் போயிற்று. இன்னொன்று வாட்டர்ஸா, குழுவில் கிட்டார் வாசித்த கில்மோரா என்ற வழக்கமான சண்டையில் போயிற்று. விரிவாக எழுத வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். கீபோர்டில் உட்கார்ந்து சத்தம் போடாமல் பாதி வேலையை முடித்துக் கொடுத்த ரிச்சர்ட் ரைட்டுக்காகச் சண்டை போட நம்மில் ஒருவர்கூட இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன். குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தட்டு வெளியானது 1975 செப்டம்பர் 12, ஆக ஐம்பது வருஷம். அதற்கென்று சங்கப் பணத்தில் புதுத் தட்டு வரவழைத்தோம். கூரியர்காரர்கள் (பெயர் வேண்டாம்) அதை யாரிடமும் கொடுக்காமல் வெயிலில் கேட்டுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுப் போனார்கள். எடுத்துச் சுற்றவிட்டால் ஊசி காசிமேட்டுப் படகு மாதிரி ஏறி இறங்குகிறது. கடைசியில் தலைவர் அண்ணன், பழைய மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய தன் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கீறல் இருந்தது, ஆனாலும் ஓடியது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். 1988இல் கல்லூரி சீனியர் ஒருவர் இந்த ஆல்பத்தை அறுபது நிமிஷக் கேசட்டில் நிறுத்தாமல் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கம் முப்பது நிமிஷம்தானே, தலைப்புப் பாட்டின் கடைசியில் காற்றுச் சத்தம் எழும்பும் நேரத்துக்குச் சரியாக டேப் தீர்ந்து ‘டக்’கென்று பட்டன் மேலே எகிறும். பாட்டு அத்தோடு முடிகிறது என்றே வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காற்று அடங்காமல் அப்படியே அடுத்த பாட்டுக்குள் போகிறது, ஆல்பத்தின் தொடக்கத்தில் விட்ட ‘ஷைன் ஆன்’ பாட்டு அங்கேதான் திரும்பி வருகிறது என்பது சிடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கும் அந்த இடம் வந்தபோது என் காது பட்டன் சத்தத்துக்குக் காத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலைத் தட்டி என்ன என்று கண்ணால் கேட்டார். பாட்டு ஓடும்போது பேசக் கூடாது என்ற விதியைப் போட்டவனே நான், ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

தட்டு முடிந்து சுண்டல் வந்த பிறகு பேச்செல்லாம் சிட் பாரெட்டைப் பற்றித்தான். 1975 ஜூன் 5, ஆபி ரோடு ஸ்டுடியோவில் அவரை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன்’ பாட்டைக் குழுவினர் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். தலையையும் புருவத்தையும் மழித்த ஒரு பருத்த ஆள் உள்ளே வந்து நிற்கிறார், முதலில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. குழுவை ஆரம்பித்து வைத்து, பிறகு விலகிப்போன சிட்தான் அது. புது உறுப்பினரான கல்லூரிப் பெண்ணுக்கு இந்தக் கதை தெரியாது. “அப்போ பாட்டு யாருக்கோ அவரே எதிரில் வந்து நின்னும் தெரியலையா சார்?” என்று கேட்டுவிட்டுச் சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டது.

இரங்கல்: அந்த ஆல்பத்தின் அட்டையில் நெருப்புப் பற்றி எரிந்தபடி கைகுலுக்கிய சண்டைக் கலைஞர் ரானி ராண்டெல் ஆகஸ்டில் காலமானார். கிராபிக்ஸ் இல்லை, நிஜ நெருப்பு. படம் எடுக்கும்போது காற்று திசை மாறி அவர் மீசை கருகியது. கூட்டத் தொடக்கத்தில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றோம்.

கணக்கு தனியாக இணைத்திருக்கிறேன். சந்தா 300 ரூபாய்தான், ஆறு பேர் இன்னும் தரவில்லை, பெயர்கள் பலகையில். ஊசி மாற்றியாக வேண்டும். வளைந்த தட்டுக்கு நஷ்டஈடு வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து நிமிர்த்தலாம் என்று ஒருவர் எடுத்துப் போயிருக்கிறார்.

2026 திட்டம்: ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தின் அட்டைக்காக லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்துக்கு மேலே கட்டிவிட்ட பன்றி பலூன் அறுத்துக்கொண்டு பறந்து கெண்ட் பண்ணை ஒன்றில் போய் விழுந்ததற்கு டிசம்பரில் ஐம்பது வருஷம். அன்று மொட்டைமாடியில் நாமும் ஒரு பன்றி விடலாம் என்று தீர்மானம் வந்தது. பலூனுக்குப் பணம் கிடையாது, வேண்டுமானால் பட்டம் விடுங்கள் என்று பொருளாளர் சொன்னதையும், சென்னையில் மாஞ்சாப் பட்டத்துக்குத் தடை என்று தலைவர் அண்ணன் நினைவூட்டியதையும் பதிவு செய்கிறேன். தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

செயலாளர்